பிரித்துவிட முடியாத டக்

அக்கா கைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய துண்டறிக்கை நான்காக மடிக்கப்பட்டிருந்தது. வழவழப்பான தாள். மேலே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தட்டையான வயிறு. கழுத்துக்கு மேலே படம் இல்லை. அதற்குக் கீழே தமிழ் எழுத்தில் கொட்டையாக ‘டம்மி டக்’ என்று அச்சிட்டிருந்தார்கள்.

“டாக்டர் சொன்னப்ப எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துட்டேன். நீதான் இந்த மாதிரிக் காகிதமெல்லாம் மொழிபெயர்க்கிறவளாச்சே, என்னன்னு சொல்லு” என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “ஏண்டி, டம்மின்னா பொய்யானதுதானே? டம்மி பீசுங்கிறாய்ங்களே. அப்ப இது நெசமான ஆபரேஷன் இல்லையா?”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் கேட்டதில் தவறும் இல்லை. ஆங்கிலத்தில் வயிற்றுக்கான செல்லப்பெயரும் போலிக்கான பெயரும் வேறு வேறு ஒலியில் தொடங்குகின்றன. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ட’தான். தமிழ் மட்டும் படிக்கிற ஒருவர் அந்தத் தலைப்பைப் போலி என்று படிப்பதற்கே வாய்ப்பு அதிகம். மருத்துவமனையில் அச்சுக்குக் கொடுத்தவர் இதை யோசித்திருக்க மாட்டார். அவரைப் பொறுத்தவரை அது தமிழில் எழுதப்பட்ட ஒரு பெயர், அவ்வளவுதான்.

அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. மதுரையில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறாள். இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். இரண்டாவது பிறந்த பிறகு அவள் வயிறு பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. நடந்து பார்த்தாள், இரவில் சோற்றை நிறுத்திப் பார்த்தாள். கையும் முகமும் மெலிந்தன, வயிறு அப்படியே இருந்தது. போன வருஷம் கோரிப்பாளையத்தில் பஸ் ஏறியபோது கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து, “உக்காருங்கக்கா, மாசமா இருக்கீங்க” என்று இடம் கொடுத்திருக்கிறாள். அக்கா மறுக்காமல் உட்கார்ந்து, இறங்கும்வரை கர்ப்பிணியாகவே இருந்திருக்கிறாள். “இல்லம்மான்னு சொன்னா அந்தப் புள்ளைக்குச் சங்கடமா இருக்கும்ல” என்றாள். அந்தப் பயணத்தில்தான் அவள் முடிவெடுத்தாள்.

ஆகவே இந்தக் கட்டுரை அவள் முடிவைப் பற்றியது அல்ல. ஒரு பெண் தன் வயிற்றை என்ன செய்துகொள்ள வேண்டும் என்று சொல்ல எனக்கு வேலையில்லை. அவள் எந்தச் சொற்களைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள் என்பதுதான் என் பிரச்சினை.

*

முதலில் அந்த ‘டம்மி’. அது மழலைச் சொல். ஸ்டமக் என்று சொல்ல வராத குழந்தை முதல் ஒலியை விழுங்கி, மீதியைக் குழைத்துச் சொன்னது. 1860களில் ஆங்கில அச்சில் அது தென்படத் தொடங்குகிறது. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கனவான்கள் வயிற்றுக்கு வைத்திருந்த பழைய சொல்லைச் சபையில் சொல்லக் கூசினார்கள். அந்தப் பழைய சொல் பெல்லி. பழைய ஆங்கிலத்தில் அதற்குத் தோல்பை என்று பொருள். கொல்லன் உலையில் ஊதுகிற துருத்திக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெல்லோஸ் என்ற பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். தமிழிலும் துருத்தி என்ற கருவியும் துருத்தி நிற்கும் வயிறும் ஓசையில் அடுத்தடுத்துதான் நிற்கின்றன.

பெல்லி கொச்சையாகிவிட்டதால் அந்த இடத்துக்கு ஸ்டமக் வந்தது. அதன் கிரேக்க மூலம் வாய் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. முதலில் தொண்டைக் குழலைக் குறித்து, பிறகு இரைப்பைக்கு இறங்கி, கடைசியில் மரியாதைக்காக முன்பக்கம் முழுவதற்கும் பெயராயிற்று. அதுவும் கனமாகத் தெரிந்தபோது குழந்தையின் வாயிலிருந்து டம்மியைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். வயிற்றைச் சொல்லாமல் வயிற்றைச் சொல்வதற்காக ஒரு மொழி எடுத்த முயற்சிகளின் வரிசை இது.

இந்தச் சொல்லில் ஒரு நன்மை இருக்கிறது. அது யாரையும் புண்படுத்தாது. தமிழில் அந்த வசதி நமக்கில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டிவிட்டு “தொப்பை ரொம்பிடுச்சா” என்று தட்டிப் பார்க்கிறோம், அங்கே தொப்பை செல்லம். அதே சொல்லை நாற்பது வயதுப் பெண்ணிடம் சொன்னால் வசை. மருத்துவரின் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளிடம் தொப்பை என்று ஒருவர் சொன்னால் அவள் அந்த நிமிஷமே சுருங்கிப்போவாள். டம்மி என்றால் சுருங்க மாட்டாள். இதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மழலைச் சொல் பேசப்படும் அறையில் ஒருவர் பெரியவர், மற்றவர் குழந்தை. குழந்தையின் வயிற்றைப் பற்றி முடிவெடுப்பவர் குழந்தை அல்ல. ‘டம்மி’ என்று சொன்னவுடன் நோயாளி கேள்வி கேட்கிற இடத்திலிருந்து கொஞ்சம் கீழே இறங்கிவிடுகிறாள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்ததற்கு டாக்டரின் அவசரம் ஒரு காரணம் என்றால், அந்தச் சொல்லின் கொஞ்சல் இன்னொரு காரணம்.

*

‘டக்’ கதை வேறு. அது ஆங்கிலச் சொல் என்றே சிறுவயதில் எங்களுக்குத் தெரியாது. எங்கள் அம்மாவும் தையல் தெரிந்தவள். தீபாவளிக்குப் பாவாடை தைக்கும்போது கீழ்ப்பகுதியில் இரண்டு டக் பிடித்து வைப்பாள். அடுத்த வருஷம் நாங்கள் வளர்ந்ததும் ஒன்றைப் பிரித்துவிடுவாள், அதற்கடுத்த வருஷம் மற்றதை. பிரித்த இடத்தில் வெயிலும் சோப்பும் படாத துணி புதுநிறமாக ஒரு பட்டை தெரியும். அந்தப் பட்டையைப் பார்த்தாலே இது போன வருஷப் பாவாடை என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பையன்களுக்கு டக் என்றால் சட்டையைக் கால்சட்டைக்குள் செருகுவது. பிளவுஸ் தைப்பவர்களுக்கு மார்பளவுக்குத் துணியை மடித்துப் பிடிக்கிற இடம் டக்ஸ்.

இந்த எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். டக்கில் துணி குறைவதில்லை. அது மடிந்து உள்ளே இருக்கிறது. வேண்டும்போது பிரிக்கலாம்.

ஆங்கிலத்திலும் அந்தச் சொல் நெடுங்காலம் துணியோடுதான் வாழ்ந்திருக்கிறது. அதன் பழைய ஆங்கில வடிவத்துக்கு வதைத்தல், துன்புறுத்தல் என்று பொருள். அங்கிருந்து அது கம்பளி நெசவுக்குள் வந்தது. நெய்த கம்பளியை நீரில் நனைத்து அடித்து இறுக்குபவருக்கு டக்கர் என்று பெயர். இன்றும் ஆங்கிலேயரிடையே இருக்கிற டக்கர் என்ற குடும்பப்பெயர் அந்தத் தொழிலிலிருந்து வந்தது. பதினான்காம் நூற்றாண்டுவாக்கில் துணியில் எடுக்கும் மடிப்புக்கு அது பெயராகிறது. பிறகு படுக்கையில் குழந்தைக்குப் போர்வையைச் செருகிவிடுவதற்கும், வயிறாரச் சாப்பிடுவதற்கும், அதிலிருந்து விடுதிப் பள்ளிகளின் தின்பண்டக் கடைக்கும் வருகிறது. டக் ஷாப் என்ற பெயரை ஊட்டி, கொடைக்கானல் பள்ளிகளில் படித்தவர்கள் கேட்டிருப்பார்கள். போர்வையும் மிட்டாயும் மடிப்பும் இந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. தொடக்கத்தில் இருந்த வதையை மட்டும் அது மறந்துவிட்டது.

அக்காவிடம், “டக்குன்னா நீ என்னன்னு நெனச்ச?” என்று கேட்டேன்.

“டக்குன்னா டக்குத்தான். லூசா இருக்கிற தோலை உள்ள மடிச்சுத் தைச்சு விடுவாங்க. பின்னாடி ஏதும் தொந்தரவுன்னா பிரிச்சுக்கலாம்ல.”

“மடிக்க மாட்டாங்கக்கா. வெட்டி எடுத்துருவாங்க.”

அவள் கொஞ்ச நேரம் துண்டறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வெட்டுனா அது டக் இல்லையேடி. அது கட்டிங்கு.”

இந்தச் சொல்லைப் பற்றி நான் எழுத நினைத்த விமர்சனம் முழுவதையும் ஒரு தையல்காரி ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

*

அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். நோயாளிக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்கிறார்கள். அடிவயிற்றில் ஒரு பக்க இடுப்பெலும்பிலிருந்து மறுபக்க இடுப்பெலும்பு வரை கீறுகிறார்கள். தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் தசையிலிருந்து பிரித்து விலா எலும்பு வரை மேலே தூக்குகிறார்கள். கர்ப்பத்தில் விலகிப்போன இரண்டு நேர்த்தசைகளையும் நடுவில் சேர்த்துத் தைக்கிறார்கள். தூக்கிய தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டி எடுக்கிறார்கள். கொப்பூழ் அதன் தண்டோடு பழைய இடத்திலேயே இருக்கும். மேலே வந்து மூடும் தோலில் புதுத் துளை போட்டு அதை வெளியே கொண்டுவந்து தைக்கிறார்கள். காஜா எடுப்பதுபோல என்று அக்காவுக்குச் சொன்னேன். நீர் வடியக் குழாய்கள் வைப்பதுண்டு. முதல் சில நாட்கள் குனிந்துதான் நடக்க முடியும். சில வாரங்களுக்கு இறுக்கமான உள்ளாடை. ஏறத்தாழ ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. நீர் கோர்த்தல், கிருமித் தொற்று, தையல் ஓரத்தில் தோல் கருகுதல், வயிற்றில் மரத்துப்போன உணர்வு, அரிதாகக் காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போதல் ஆகிய ஆபத்துகள் உண்டு. தழும்பு மங்கும், மறையாது.

இதில் நேர்மையாகச் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. தசையைப் பொறுத்தவரை ‘டக்’ உண்மையான சொல். அங்கே வெட்டுவதில்லை, மடித்துத்தான் தைக்கிறார்கள். மருத்துவர்கள் அதைப் பிளிகேஷன் என்கிறார்கள். மடித்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல். புடவைக் கொசுவத்துக்கு நாம் சொல்லும் பிளீட்டும் அந்த வினையின் வழிவந்ததே. ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் காம்ப்ளிகேஷன் என்ற சொல்லும் அதே வேர்தான், ஒன்றோடொன்று சேர்ந்து மடிந்துபோனது என்று அதற்குப் பொருள். தமிழில் அதைச் சிக்கல் என்கிறோம். நூலோடு பழகியவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கவே வேண்டியதில்லை.

ஆக, உள்ளே இருக்கும் தசைக்குப் பொருந்துகிற பெயரை வெளியே இருக்கும் தோலுக்கும் சேர்த்துப் போர்த்திவிட்டார்கள். பொய் இருக்கும் இடம் இதுதான். பெயர் முழுப் பொய்யாக இருந்திருந்தால் எளிதில் தூக்கிப் போட்டிருக்கலாம். பாதி உண்மையாக இருப்பதால்தான் அது நிலைத்து நிற்கிறது.

*

இந்த ஒரு பெயர் மட்டுமல்ல, இந்த அறுவையைச் சுற்றியுள்ள ஆங்கில வழக்குச் சொற்களில் பலவும் தையல் கூடையிலிருந்து எடுக்கப்பட்டவை. பிள்ளை பெற்றவர்களுக்கு மார்பும் வயிறும் சேர்த்துச் செய்யும் தொகுப்புக்கு மம்மி மேக்கோவர் என்று பெயர். பழைய உடையைப் பிரித்து வேறு உடையாகத் தைப்பதற்கு ஆங்கிலத்தில் மேக் ஓவர் என்று சொல்லும் வழக்கம் முன்பே இருந்தது. நிப் அண்ட் டக் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கழுத்துக்குக் கழுத்தாக ஓடும் போட்டியைக் குறித்த தொடர். அதைப் பிறகு அழகுக்கான அறுவைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரில் 2003இல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரே வந்தது.

தொங்கும் வயிற்றை ஆங்கிலத்தில் ஏப்ரன் என்கிறார்கள். சமையலறையில் கட்டுகிற முன்துணி. அந்தச் சொல்லின் பழைய வடிவம் நேப்ரன். முன்னால் வரும் ஒற்றைக்கான அடைச்சொல் அதன் முதல் மெய்யைத் தன்னோடு ஒட்டிக்கொண்டதால் அது ஏப்ரன் ஆனது. இலத்தீனில் துணியைக் குறிக்கும் மப்பா என்பது அதன் மூலம். உலகத்தைத் துணியில் வரைந்ததால் வந்த மேப் என்ற சொல்லுக்கும் அதே மூலம்தான். மருத்துவர்களின் சொல்லாவது வேறாக இருக்குமா என்று பார்த்தால் அதுவும் துணி. பன்னிகுலஸ் என்றால் இலத்தீனில் சின்னத் துணி, கந்தல். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அடுக்குக்கு உடற்கூறு நூல்கள் வைத்த பெயர் அது.

உடம்பைத் துணியாகப் பார்ப்பது புதிதல்ல, நம் மரபிலும் உண்டு. ஆனால் துணிக்கு வலிக்காது, இரத்தம் வராது, ஆறு வாரம் கனம் தூக்காமல் இருக்க வேண்டியதில்லை. இந்தச் சொற்கள் உடம்பிலிருந்து அதைத்தான் கழித்துவிடுகின்றன.

சொல் மாறினால் காசும் மாறும். அமெரிக்காவில் தொங்கும் தோலை மட்டும் வெட்டி எடுப்பதற்குப் பன்னிகுலெக்டமி என்று பெயர். மடிப்புக்கடியில் புண்ணும் தொற்றும் ஆறாமல் திரும்பத் திரும்ப வந்தால் காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் அதற்குப் பணம் தருகின்றன. தசையையும் சேர்த்துத் தைத்து, கொப்பூழை இடம்மாற்றி, வயிற்றைச் சீராக்கினால் அதற்கு அப்டாமினோபிளாஸ்டி என்று பெயர். அது அழகுக்கானது என்று பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். விலகிய தசையால் முதுகுவலியோடு வாழும் பெண்ணுக்கு எது அழகு, எது மருத்துவம்? அந்தக் கோட்டை அங்கே பெரும்பாலும் ஒரு பெயர்தான் போடுகிறது.

பெயரின் கடைசி அசையையும் கவனிக்க வேண்டும். கிரேக்க வழியில் எக்டமி என்றால் வெட்டி எடுத்தல், பிளாஸ்டி என்றால் வனைதல். இந்த அறுவைக்குத் தொடக்கத்தில் கிடைத்த பெயர்களில் ஒன்று முன்னதைச் சேர்ந்தது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் மகளிர் நோய் மருத்துவர் ஹோவர்ட் கெல்லி, 1899இல் ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து கொழுப்புத் திரளை வெட்டி எடுத்ததைப் பதிவு செய்தார். 1910இல் இதைப் பற்றி எழுதியபோது லிபெக்டமி என்றார், கொழுப்பை வெட்டி எடுத்தல். முரட்டுச் சொல்தான், ஆனால் என்ன செய்தாரோ அதைச் சொன்னார். பிறகு அழகு முன்னுக்கு வந்தபோது பிளாஸ்டி முன்னுக்கு வந்தது. குயவன் களிமண்ணை வனைவதுபோல வயிற்றை வனைவது. வனைவதில் எதுவும் குறைவதில்லை. படித்தவர்களின் சொல்லும் பாமரச் சொல்லும் ஒரே இடத்தில்தான் மௌனமாகின்றன, கத்தி தோலில் இறங்கும் இடத்தில்.

*

துண்டறிக்கையில் இன்னொரு சொல் அக்காவைச் சிரிக்க வைத்தது. ‘தழும்பு பிகினி லைனுக்குள் மறைந்துவிடும்.’

“நான் என்னைக்குடி பிகினி போட்டேன்?”

1946 ஜூலையில் பசிபிக் பெருங்கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா அணுகுண்டைச் சோதித்தது. சில நாட்களில் பாரிஸில் லூயி ரெயார் தன் புதிய நீச்சலுடைக்கு அந்தத் தீவின் பெயரை வைத்தார். பிறகு அந்த உடையின் விளிம்பு அறுவை மருத்துவர்களுக்குக் கீறல் கோடாயிற்று. தழும்பைத் தாழ்வாக வைக்கும் முறையைப் பிரேசில் நாட்டு மருத்துவர் இவோ பிடாங்கி 1967இல் எழுதிய கட்டுரை பரவலாக்கியது. ரியோ கடற்கரைக்கு அந்த அளவுகோல் பொருந்தும். மதுரையில் ஒரு பெண் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. பாவாடை நாடா கட்டும் இடம் தழும்புக்கு மேலே வருமா, மேலேயே அழுத்துமா? நாடாவை எத்தனை நாள் தளர்த்திக் கட்ட வேண்டும்? மெஷின் மிதிக்க எப்போது உட்காரலாம்? இவை ஒன்றும் அந்தத் தாளில் இல்லை.

*

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? எனக்கு இந்தக் கேள்வியோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் வேறொரு மருத்துவமனைக்கு இதே அறுவைக்கான விளக்கத்தாளை மொழிபெயர்த்தேன். தொப்பைக் குறைப்பு என்று எழுதிப் பார்த்தேன். பெல்ட்டும் பொடியும் விற்கிறவர்கள் அந்தத் தொடரைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள், போதாததற்கு அது வசையும்கூட. தொந்தி, பருத்த வயிற்றைக் குறிக்கும் வடமொழித் துந்தியோடு தொடர்புடையது. பிள்ளையாருக்கு இருந்தால் மங்கலம், சினிமாவில் ஏட்டையாவுக்கு இருந்தால் நகைச்சுவை, பெண்ணுக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. பெரிய மருத்துவமனைகளின் பெயர்ப்பலகையில் உள்ள ஒட்டுறுப்பு அறுவை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாமா என்றால், இங்கே எதையும் ஒட்டுவதில்லை.

மடிப்பு என்று தொடங்கினால் வேறு சிக்கல். நம் அழகியலில் வயிற்று மடிப்பு குறையே அல்ல. இடைக்கு மேலே விழும் மூன்று மடிப்பை வடமொழிக் காவியங்கள் திரிவலி என்று கொண்டாடுகின்றன. காளிதாசனின் குமாரசம்பவத்தில் பார்வதிக்கே அது அழகு. இடுப்பு மடிப்பை ரசிக்கிற நம் சினிமா, அதே மடிப்பு பிள்ளை பெற்றவளுக்குக் கூடுதலாக ஒன்று விழுந்தால் கேலி செய்யும். மடி என்ற சொல்லைத் தொட்டால் இன்னும் ஆழம். துணியை மடிப்பதும் மடி, தாயின் மடியும் மடி, பசுவின் மடியும் மடி, இடுப்புச் சேலையில் காசு முடியும் இடமும் மடி. மடிந்துபோவது சாவு. இவ்வளவையும் சுமக்கிற சொல்லை ஒரு மருத்துவமனைத் தாளில் வைத்தால் அது நாம் சொல்ல நினைத்ததை மட்டும் சொல்லாது.

கடைசியில், ‘அடிவயிற்றுத் தோலை வெட்டி எடுத்து, தசையை மடித்துத் தைக்கும் அறுவை சிகிச்சை’ என்று எழுதிக் கொடுத்தேன். பொறுப்பில் இருந்தவர் கண்ணியமானவர். காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, “சரியாத்தான் எழுதியிருக்கீங்க மேடம். ஆனா தலைப்பிலேயே வெட்டுன்னு போட்டா யாரு வருவாங்க?” என்றார். தலைப்பு டம்மி டக் என்றே அச்சாயிற்று. என் வரி இரண்டாம் பக்கத்துக்குப் போனது, வெட்டி என்ற சொல் மட்டும் ‘நீக்கி’ என்று மாறியிருந்தது.

அவர் கேட்டதற்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று சொல்வேன். தலைப்பு மென்மையாகவே இருக்கட்டும். கூச்சப்படும் பெண்ணை வாசல்வரை அழைத்துவர ஒரு மென்மையான சொல் வேண்டும்தான். ஆனால் அந்தச் சொல் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். கையெழுத்துப் போடும் மேஜைவரை அது கூடவே வந்தால், அவள் ஒப்புதல் கொடுப்பது அறுவைக்கு அல்ல, பெயருக்கு. மருத்துவத்தில் டீச் பேக் என்று ஒரு முறை உண்டு. விளக்கிவிட்டு, “புரிந்ததா” என்று கேட்காமல், “நான் சொன்னதை உங்கள் பேச்சில் திருப்பிச் சொல்லுங்கள்” என்று கேட்பது. காசு செலவில்லாத முறை, நேரம் மட்டும்தான் செலவு. டம்மி டக் என்ற சொல்லை அதில் யாரும் திருப்பிச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது.

*

அன்று மாலை அக்காவிடம் அதைத்தான் செய்தேன். அறுவையை ஏழெட்டு வாக்கியத்தில் சொன்னேன். பிறகு, “இப்ப நீ சொல்லு” என்றேன். அவள் எழுந்து, தைக்க வந்திருந்த ஒரு பிளவுஸ் துணியை எடுத்துத் தன் வயிற்றின்மேல் போட்டுக்கொண்டாள்.

“இந்த இடுப்புலேர்ந்து அந்த இடுப்பு வரைக்கும் வெட்டுவாய்ங்க. மேல்துணிய இப்படித் தூக்கிருவாய்ங்க. உள்ளே லைனிங் விலகிக் கெடக்குல்ல, அதுக்கு டக் பிடிப்பாய்ங்க. அப்புறம் மேல்துணிய இழுத்து, மிச்சத்தக் கட்டிங் பண்ணித் தூரப் போட்டுட்டுத் தைப்பாய்ங்க. தொப்புளுக்குப் புதுசா காஜா. தைச்சபெறகு பிரிக்க முடியாது.” துணியை மடித்து வைத்தாள். “ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாதுன்னா மெஷின்? ஆடி முடிஞ்சா முகூர்த்தம் வந்துரும். அந்த நேரத்துல பண்ண முடியாது. மார்கழிதான் தோது.”

துண்டறிக்கையை எழுதியவரைவிட, மொழிபெயர்த்த என்னைவிட, அவள் சொன்னது தெளிவாக இருந்தது.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது ஐந்து கேள்விகளை மருந்துச்சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டு போனாள். நாடா எங்கே வரும் என்பது முதல் கேள்வி. டாக்டர் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார், படம்கூட வரைந்து காட்டியிருக்கிறார். யாரும் அவரிடம் இப்படிக் கேட்பதில்லையாம். மார்கழியில் செய்துகொண்டாள். சீட்டுப் பணம் முழுவதும் அதற்குப் போனது. “வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சேத்த காசுடி” என்றாள். சொல்லிவிட்டு, சொன்னது காதில் விழுந்து அவளே சிரிக்க ஆரம்பித்தாள். தையல் வலித்ததால் வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மா என்ன ஆபரேஷன் என்று கேட்டபோது, “குடலிறக்கம்க்கா” என்றாள் ஒரு நொடியும் யோசிக்காமல். ஊருக்கு அவள் வைத்த பெயர் அது. அதுவும் மறைக்கிற சொல்தான். ஆனால் எதை மறைக்கிறோம் என்று தெரிந்து அவளே தேர்ந்தெடுத்த சொல். அதில் எனக்கு எந்த விமர்சனமும் இல்லை.